மூன்று சுழியும் இரண்டு சுழியும்

கம்ப்யூட்டர் மானிட்டர் வாங்க யோசனை சொல்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. கேம் விளையாடும் பையன்களுக்குச் சொல்கிறார்கள். வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்களுக்குச் சொல்கிறார்கள். பங்குச் சந்தைக் கோடுகளை நாள் முழுதும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் சொல்கிறார்கள். எழுத்தை நம்பிப் பிழைப்பவர்களைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. அதுவும் தமிழ் எழுத்தை நம்பிப் பிழைப்பவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

கொல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு வங்காளியிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழுக்குக் கொண்டுவருவது என் தொழில். இதற்கு ஒரே நேரத்தில் நான்கு ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். மூலம் ஒன்று, தமிழ் ஒன்று, அகராதி ஒன்று, நாமே எழுதி வைத்த பெயர்ப் பட்டியல் ஒன்று. த.நா. குமாரசுவாமி, த.நா. சேனாபதி, இதே நகரத்தில் இருந்து வேலை செய்த சு. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்களுக்கு இந்தப் பிரச்சினை இருந்திருக்காது. அவர்களுக்கு மேசை இருந்தது. மேசையில் வங்காளி நாவல் விரிந்து கிடக்கும், பக்கத்தில் காகிதம், எட்டும் தூரத்தில் அகராதி. கம்ப்யூட்டர் வந்தது. மேசையின் அகலத்தைச் சுருக்கிப் பதினைந்து அங்குலத்துக்குள் அடைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தயவில் நொடியில் புரட்ட முடிகிறது என்பது உண்மைதான். ஆனால் அதைப் புரட்டும் நேரத்தில் மூலம் மறைந்துவிடுகிறது. திரும்பி வரும்போது கண் ஒரு வரி கீழே இறங்கிவிடுகிறது. விட்டுப்போன வரி அப்படித்தான் பிறக்கிறது. மொழிபெயர்ப்பில் தவறான சொல்லை வாசகர் கண்டுபிடித்துவிடுவார். இல்லாத வரியை எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஆகவேதான் அகலத் திரை, கடைக்காரர்களின் பாஷையில் 'அல்ட்ராவைட்'. அட்டைப் பெட்டிமேல் 21:9 என்று போட்டிருக்கும். அது விளம்பரக் கணக்கு. நடைமுறையில் அகலம் உயரத்தைப்போல் 2.37 அல்லது 2.39 மடங்கு. இந்த விகிதம் சினிமாக்காரர்கள் கொடுத்த சீதனம். 1953ல் ஹாலிவுட்டில் சினிமாஸ்கோப் வந்தது. நம்மிடம் 1973ல் 'ராஜ ராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தது. பிலிப்ஸ் கம்பெனி 2009ல் இதே விகிதத்தில் ஒரு டிவி செய்து பார்த்தது. எடுபடவில்லை. நியூஸ் பார்க்கும்போது இரு பக்கமும் கறுப்புப் பட்டை ஓடினால் யார் வாங்குவார்கள்? 2012ல் எல்.ஜி. 29 அங்குல மானிட்டராக அதைக் கொண்டுவந்தபோது தப்பித்தது. டிவியில் ஒரு படம்தான் ஓடும். கம்ப்யூட்டரில் மூன்று பக்கங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்கலாம். (சினிமா பார்க்கத்தான் வாங்குகிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 'பதேர் பாஞ்சாலி'யை இதில் போட்டால் திரையில் பாதியைவிடச் சற்று அதிகமாகத்தான் படம் இருக்கும். மிச்சமெல்லாம் கறுப்பு.)

முதலில் அங்குலக் கணக்கைப் பற்றி. அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. ஒரே மூலைவிட்டத்தை வைத்துக்கொண்டு அகலத்தைக் கூட்டினால் பரப்பு குறையும் என்பது ஒன்பதாம் வகுப்பு ஜியோமெட்ரி. 34 அங்குல அகலத் திரை சுமார் 80 செ.மீ. அகலமும் 33 செ.மீ. உயரமும் கொண்டது. அதாவது உயரத்தில் ஒரு சாதாரண 27 அங்குல மானிட்டர்தான். 32 அங்குலச் சாதாரண மானிட்டரைவிடப் பரப்பில் சிறியது. 29 அங்குலம் இன்னும் பரிதாபம்: 68 செ.மீ. அகலம், உயரம் 29க்கும் குறைவு. சாதாரண 24 அங்குலத்தைவிடவும் குள்ளம். "இருபத்தொன்பது இஞ்ச், தாதா!" என்று கடைக்காரர் கையை விரிக்கும்போது பக்கவாட்டில்தான் விரிக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கொல்கத்தாவில் கம்ப்யூட்டர் சமாசாரம் என்றால் சாந்தினி சௌக்தான். மெட்ரோவிலிருந்து மேலே ஏறினால் ஒரு பக்கம் சென்ட்ரல் அவென்யூ, இன்னொரு பக்கம் கணேஷ் சந்திர அவென்யூ. நடுவே வயர், சார்ஜர், பழைய லேப்டாப், அதற்குள் இருந்த உறுப்புகள் எல்லாம் கத்திரிக்காய் மாதிரி கூறு கட்டிக் கிடக்கும். மழைக்காலத்தில் சென்ட்ரல் அவென்யூவில் தண்ணீர் நின்றால் அதிலும் வியாபாரம் நடக்கும். ஆன்லைனில் ஐந்நூறு, ஆயிரம் குறையலாம். ஆனால் மானிட்டரைக் கண்ணால் பார்க்காமல் வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. இங்கே பார்க்கலாம். பேரமும் பேசலாம். பேசிக் களைத்தால் சபீர் ஹோட்டலில் ரெஜாலா இருக்கிறது.

கடைக்காரர்களுக்கு ஒரே கேள்விதான் தெரியும்: "கேமிங்கா, ஆபீஸா?" இரண்டும் இல்லை, படிப்பதற்கும் எழுதுவதற்கும் என்றேன். அப்படியென்றால் எது வேண்டுமானாலும் சரி என்பதுபோல் பார்த்தார் ஒருவர். அவர்மேல் தப்பில்லை. திரைகளைச் சோதித்து எழுதுகிறவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது, கறுப்பு எவ்வளவு கறுப்பு, நிறம் எத்தனை கோடி என்றெல்லாம் அளக்கிறார்கள். எழுத்துத் தெளிவைப் பார்ப்பவர்கள் ஆங்கில எழுத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆங்கிலத்தில் கோடுகள் அதிகம், சுழிகள் குறைவு. நம் எழுத்தின் உயிர் சுழியில் இருக்கிறது. மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் ஒன்றாகத் தெரிந்தால் 'பணி'க்கும் 'பனி'க்கும், 'மணம்'க்கும் 'மனம்'க்கும் நடுவே நிற்பது வாசகரின் கருணை ஒன்றுதான். மெய்யெழுத்தின் புள்ளி மங்கினால் 'கல்வி' 'கலவி'யாகும் விபத்தைப் பிழை திருத்துபவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். (ஔகாரக் குறியா, ளகரமா என்ற குழப்பத்தை எந்தத் திரையும் தீர்க்காது. இரண்டுக்கும் ஒரே முகம். அது நம் எழுத்தின் குடும்ப விவகாரம்.)

ஆகவே நான் பென் டிரைவில் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். ண, ன, ந, ஞ, ஜூ, ணூ, ஸ்ரீ எல்லாம் கலந்து, புத்தகத்தில் வரும் அளவு எழுத்தில். பக்கத்தில் வங்காளிக் கூட்டெழுத்துகள் ஒரு பத்தி. அதைத் திரையின் நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் வைத்துப் படித்துப் பார்ப்பது. வேகமாக மேலும் கீழும் நகர்த்திப் பார்ப்பது. இவ்வளவுதான் என் ஆய்வுக்கூடம். ஐந்து நிமிடம் ஆகும். எந்தக் கடையிலும் மறுக்கவில்லை. இரண்டு கடைகளில் என்ன பாஷை என்று கேட்டார்கள்.

இங்கேதான் எண் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் அங்குலத்தில் எத்தனை ஒளிப்புள்ளிகள் என்பது. 34 அங்குலத்தில் இரண்டு ரகம் உண்டு. 2560க்கு 1080 என்பது ஒன்று; அங்குலத்துக்குச் சுமார் 82 புள்ளி. 3440க்கு 1440 என்பது மற்றொன்று, சுமார் 110. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், விலையில் மட்டும் வித்தியாசம். எழுத்தைக் கண்ணுக்கு ஒரே அளவில் வைத்துக்கொண்டால், இரண்டாவதில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஏறக்குறைய 80 சதவீதம் அதிகப் புள்ளிகள் கிடைக்கின்றன. மூன்றாவது சுழி அந்த 80 சதவீதத்தில்தான் இருக்கிறது. முதல் ரகத்தில் எழுத்துகள் கோலப்புள்ளி மாதிரி படி படியாகத் தெரிந்தன. மலிவாகக் கிடைத்தாலும் அதை வாங்க வேண்டாம் என்பேன். 29 அங்குலத்தில் 2560க்கு 1080 என்றால் 96 புள்ளி, அது பரவாயில்லை.

ஆனால் 29க்கு வேறொரு குறை. ஏ-4 தாள் ஒன்றை வேர்டில் முழு அளவில், அதாவது நூற்றுக்கு நூறில், திறந்தால் அதற்கு 794 புள்ளி அகலமும் 1123 புள்ளி உயரமும் தேவை. 1080 உயரத் திரையில் ஒரு பக்கம் முழுதாக நிற்காது. 1440ல் மேலே இருக்கும் பட்டைகள் போக முழுப்பக்கமும் நிற்கும். அகலம் 3440 என்றால் நான்கு தாள்களைப் பரப்பலாம். மொழிபெயர்ப்பில் இது சொகுசு அல்ல. மூலத்தில் ஒரு பக்கத்தில் ஏழு பத்தி, தமிழில் ஆறு பத்தி என்றால் ஒரு பார்வையில் பிடிபடும். உருட்டி உருட்டிப் பார்த்தால் பிடிபடாது. எனக்கு 34ஐத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு காரணம் போதுமாக இருந்தது.

இதைவிடத் துல்லியம் வேண்டுமென்றால் 27 அங்குலத்தில் 4கே என்று ஒன்று இருக்கிறது. அங்குலத்துக்கு 163 புள்ளி. தமிழ் எழுத்து அதில் அச்சிட்டதுபோல் நிற்கிறது, மறுக்கமாட்டேன். ஆனால் அகலம் 60 செ.மீ.தான். மேசை மறுபடியும் சுருங்கிவிடுகிறது. கவிதை மொழிபெயர்ப்பவர்களுக்கு அது. நாவல் மொழிபெயர்ப்பவர்களுக்கு இது என்று ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் கவிஞர். கோபித்துக்கொண்டார்.

நடுத்தர விலையில், அதாவது இப்போது ஏறத்தாழ முப்பதாயிரத்திலிருந்து நாற்பத்தைந்தாயிரம் வரை, திரையின் உள்ளே இருக்கும் தகடு இரண்டு ஜாதி. 'வி.ஏ.' என்பதில் கறுப்பு நன்றாக இருக்கும். ஆனால் எழுத்தை வேகமாக உருட்டினால் பின்னால் புகைபோல் ஓர் இழுப்பு வரலாம். 'ஐ.பி.எஸ்.' என்பதில் கறுப்பு சாம்பல் பூசியிருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. 80 செ.மீ. அகலத் திரைக்கு முன் உட்காரும்போது ஓரங்களை நாம் எப்போதும் பக்கவாட்டில்தான் பார்க்கிறோம். எனவே தட்டையான திரை என்றால் ஐ.பி.எஸ்., வி.ஏ. என்றால் வளைந்தது என்று வைத்துக்கொள்ளலாம். வளைவை 1800ஆர், 1500ஆர், 1000ஆர் என்று எழுதுகிறார்கள். வட்டத்தின் ஆரம் எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் அது. எண் குறையக் குறைய வளைவு கூடும். 1000ஆர் திரையில் அட்டவணையின் நேர்கோடுகூட வில்லாகத் தெரிந்தது எனக்கு. 1800 போதும். ஓ.எல்.இ.டி. அகலத் திரைகள் இந்த விலைக்குள் இல்லை. இருந்தாலும் 2022ல் வந்த முதல் தலைமுறையில் எழுத்தின் விளிம்பில் நிறக்கசிவு இருந்தது. நமக்கு வேண்டாம். நொடிக்கு 144, 180 முறை என்பதெல்லாம் கேம்காரர்கள் கட்டும் வரி. நூறு இருந்தால் தாராளம்.

லேக் மார்க்கெட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். மத்திய அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, எழுபது தாண்டி, வங்காளி நாவல்களைத் தமிழாக்குகிறார். இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. பதினைந்து அங்குல லேப்டாப்பில் மூக்கை உரசிக்கொண்டு வேலை. "எனக்கு எதுக்குங்காணும் இவ்வளவு அகலம்? நான் என்ன சினிமாவா பார்க்கப்போறேன்?" என்றார். "ஒரு நாவலுக்குப் பதிப்பாளர் குடுக்கறதே அவ்வளவுதான்." இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆறு மாத உழைப்பும் ஒரு மானிட்டரும் சம விலை என்றால் கோளாறு மானிட்டரின் விலையில் இல்லை.

அவர் சொன்ன இன்னொன்று எனக்குத் தோன்றாதது. "தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து போயிடுமே, சார்?" நியாயமான கேள்வி. நாற்பது தாண்டியவர்களில் பலர் புரோகிரஸிவ் கண்ணாடி போட்டிருக்கிறோம். அதில் கிட்டப் பார்வைக்கான இடம் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் ஒரு குறுகிய சந்து, இருபுறமும் மங்கல். அகலத் திரையின் ஓரத்தைப் பார்க்கக் கண்ணைத் திருப்பினால் போதாது, தலையையே திருப்ப வேண்டும். மேல்பகுதியைப் பார்க்க முகவாயைத் தூக்க வேண்டும். இதற்குத் தீர்வு திரையில் இல்லை, கண்ணாடிக் கடையில் இருக்கிறது. நாம் உட்காரும் இடத்திலிருந்து திரைவரை நாடாவால் அளந்து, அந்தத் தூரத்துக்கு மட்டும் ஒற்றைப் பார்வைக் கண்ணாடி செய்துகொள்வது. எனக்கு அந்தத் தூரம் 70 செ.மீ. திரைக்குச் செலவழிக்கும் தொகையில் ஒரு சிறு பகுதிதான் ஆகும். எந்த மானிட்டர் விமர்சனத்திலும் இதைச் சொல்லமாட்டார்கள்; எழுதுகிறவர்களுக்கு இருபத்தைந்து வயது.

இரண்டு 24 அங்குல மானிட்டர்களைச் சேர்த்து வைத்தால் மலிவாயிற்றே என்பார்கள். வாஸ்தவம். கிட்டத்தட்ட பாதி விலைதான். பணமில்லாதபோது அதுவே நல்ல வழி. ஆனால் இரண்டும் சேரும் இடத்தில் கறுப்புச் சட்டம் நேர் எதிரே வந்து நிற்கும். நடுவில் உட்கார்ந்தால் நடுவில் ஒன்றும் இல்லை. மொழிபெயர்ப்பவருக்கு நடுவில் இருக்க வேண்டியது தமிழ்.

இனி வரி. 34 அங்குலத்துக்கு ஒரு சாபம் இருந்தது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து 32 அங்குலம் வரையுள்ள மானிட்டர்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேல் 28 சதவீதமே நீடித்தது. பரப்பில் சிறியதாக இருந்தும், மூலைக்கு மூலை அளவு அதிகம் என்பதற்காக அகலத் திரை ஆடம்பரப் பட்டியலில் நின்றது. டேப்பைக் குறுக்கே வைத்து அளந்து வரி போட்டார்கள். 30,000 ரூபாய் அடக்க விலையில் இது 3,000 ரூபாய் வித்தியாசம். ஜி.எஸ்.டி. எண் வைத்திருக்கும் கம்பெனிக்கு 28ம் ஒன்றுதான், 18ம் ஒன்றுதான். கட்டியதைக் கணக்கில் கழித்துக்கொள்ளும். ஆண்டுக்கு இருபது லட்சம் வரவு இல்லாத, அதனால் பதிவு செய்துகொள்ளாத தனியாள்தான் முழுதாகச் சுமந்தார். மொழிபெயர்ப்பில் இருபது லட்சம் பார்த்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 அன்று, மகாளய அமாவாசைக்கு மறுநாள், எல்லா அளவுக்கும் 18 என்று ஆனது. பூஜைக்கு ஒரு வாரம் இருந்தது. இப்போது யாராவது பழைய 28 சதவீத பில்லைக் காட்டி விலை சொன்னால் சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிடலாம்.

மற்றவை சில்லறை. மேசை 60 செ.மீ. ஆழமாவது வேண்டும்; மானிட்டரின் கால்களே 20, 25 செ.மீ. சாப்பிட்டுவிடும். கால் மேலும் கீழும் இறங்கக்கூடியதா என்று பார்க்க வேண்டும். மலிவு ரகங்கள் தலையை ஆட்டுமே தவிர இறங்காது. பழைய லேப்டாப்பின் எச்.டி.எம்.ஐ. துளையில் முழு 3440 வராமல் போகலாம், வந்தாலும் தவழலாம். எனவே சொந்த லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது உத்தமம். யு.எஸ்.பி.-சி ஒற்றை வயரில் படமும் மின்சாரமும் போகும் ரகம் வசதிதான். அதற்குக் கூடுதல் விலை. பின்புறம் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்க வேண்டும். ஓரிரு புள்ளி செத்திருந்தால் பல கம்பெனிகள் அதைக் குறையாகவே ஏற்பதில்லை. கடையிலேயே வெள்ளைப் பக்கம், கறுப்புப் பக்கம் போட்டுப் பார்த்துவிட வேண்டும். மின்சாரம் ஐம்பது வாட் அளவில்தான், வீட்டு யு.பி.எஸ். தாங்கும்.

பெரியவர் கடைசியில் வாங்கினார். 34 அங்குலம், 3440, வளைவு 1800, வி.ஏ. நான் தட்டை ஐ.பி.எஸ். சொன்னேன், நாலாயிரம் அதிகம் என்று விட்டுவிட்டார். பெட்டி ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். மெட்ரோவில் ஏற்ற வழியில்லை. டாக்ஸியின் பின்சீட்டில் குறுக்கே படுக்கவைத்து, தான் முன்னால் உட்கார்ந்து போனார். கண்ணாடியும் மாற்றிக்கொண்டார். பத்து நாள் கழித்துப் போன் வந்தது. இடதுபக்கம் வங்காளி மூலத்தையும் வலதுபக்கம் தன் பழைய புத்தகத்தின் கோப்பையும் வைத்து, சும்மா திரையைப் பழக்கிக்கொள்ளலாமென்று, பத்தி பத்தியாக ஒத்துப்பார்த்தாராம். நான்காம் அத்தியாயத்தில் ஒரு பத்தி முழுதாக இல்லை. கதாநாயகனின் தாய் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் இடம். புத்தகம் அச்சாகிப் பதினோரு வருடம் ஆகிறது. "ஒருத்தரும் கேக்கலை, பார்த்தேளா?" என்றார். அந்தப் பத்தியை மொழிபெயர்த்துப் பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டார். மறுபதிப்பு உண்டா என்று பதில் வரவில்லை. இப்போது ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறார்.